முப்லிஸ் கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள்



நம் லயங்களுக்குக் கடன் புதிய விருந்தாளி அல்ல. சம்பளம் போட்ட அன்றைக்கே கடைப் பற்று, சீட்டுப் பணம், மோட்டார் சைக்கிள் தவணை என்று முக்கால்வாசி கரைந்துவிடும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் அண்ணே" என்று வாய்ச் சொல்லிலேயே காலம் தள்ளிப் பழகியவர்கள் நாம். ஆனால் கோர்ட்டுக்குப் போன கடன் வேறு ரகம். அதற்கு வாய்ச் சொல் செல்லாது. பாட்டன் காலத்தில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்' என்றார்களே, அதைத்தான் இன்று திவால் என்கிறோம், மலாயில் முப்லிஸ்.

ஒரு கதையாகவே சொல்லுகிறேன். குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர். பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான்.

"மாமா, லோரி ஒண்ணு எடுக்கிறேன். ஜாமீன் கையெழுத்து ஒண்ணு போடுங்க."

"எம்புட்டுடா தம்பி கடன்?"

"அது எதுக்கு மாமா உங்களுக்கு? நான் கட்டாமலா போயிடுவேன்?"

பெரியவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் லோரி படுத்தது. பையன் ஊரை விட்டே போய்விட்டான். மலாயில் எழுதிய கடிதங்கள் பெரியவர் வீட்டுக்கு வந்தன. படிக்கத் தெரியாது, பிள்ளைகளிடம் காட்ட வெட்கம். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பிறகொரு நாள் சிங்கப்பூரில் பேத்திக்குக் காதுகுத்து. ஜொகூர் பாரு பாலத்தில் குடிநுழைவு அதிகாரி கடப்பிதழைப் பார்த்துவிட்டு, "பாக்சிக், போக முடியாது" என்கிறார். தாம் முப்லிஸ் என்பது அங்கேதான் பெரியவருக்குத் தெரிகிறது.

கதை கற்பனைதான். ஆனால் அதில் வரும் ஒவ்வொரு படியும் சட்டத்தில் உள்ளது.

எப்படி வருகிறது?

1967-ஆம் ஆண்டின் திவால் சட்டம் 2017 அக்டோபரில் திருத்தப்பட்டு, நொடிப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. எவ்வளவு கடன் இருந்தால் ஒருவரை முப்லிஸ் ஆக்கக் கேட்கலாம் என்ற வரம்பும் உயர்ந்து கொண்டே வந்தது. ஒரு காலத்தில் 10,000 வெள்ளி, 2003-இல் 30,000, 2017-இல் 50,000, 2021 செப்டம்பர் முதல் 100,000 வெள்ளி.

"அவ்வளவு கடன் எனக்கு ஏது?" என்று நினைக்க வேண்டாம். வட்டி குட்டி போடும். கடன் கொடுத்தவர்கள் பலர் ஒன்று சேர்ந்து, தங்கள் தொகைகளைக் கூட்டியும் மனுப் போடலாம்.

முதலில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குகிறார். அடுத்து வருவது 'நோட்டிஸ் கெபாங்ராப்பான்', அதாவது திவால் நோட்டீஸ். இந்த இரண்டு சொற்களையும் வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாள்தான் தவணை. அதற்குள் பணம் கட்ட வேண்டும், அல்லது கணக்கு தப்பென்றால் கோர்ட்டில் ஆட்சேபிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஆறு மாதத்திற்குள் உயர்நீதிமன்றத்தில் முப்லிஸ் மனுப் போடுவார்கள். அதை விசாரித்துத்தான் ஆணை பிறக்கும்.

2017 திருத்தத்துக்குப் பிறகு நோட்டீஸை நேரில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் வேண்டுமென்றே ஒளிந்து திரிகிறார் என்று கோர்ட்டுக்குக் காட்டிவிட்டால் வேறு வழியில் சேர்க்க அனுமதி கிடைத்துவிடும். ஒளிவதால் காரியம் நிற்காது.

கடனாளி தாமே மனுப் போட்டு முப்லிஸ் ஆகவும் வழி உண்டு. ஆனால் அது கடைசிக் கதவு. ஒரு தரம் ஆணை வந்துவிட்டால் சொத்தெல்லாம் நொடிப்பு இலாகாவின் தலைமை இயக்குநர் கைக்குப் போய்விடும்.

ஜாமீன் கையெழுத்து

பிறருடைய படிப்புக் கடனுக்கும், சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் காடிக்கும், குடியிருக்கும் வீட்டுக்கும் லாபம் கருதாமல் கையெழுத்துப் போட்டவரை 'சமூக ஜாமீன்தாரர்' என்கிறது சட்டம். 2017 முதல் அவர்மேல் முப்லிஸ் நடவடிக்கை எடுக்கவே முடியாது. நம் பெரியவர் போட்டதோ வியாபார லோரிக்கு. அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கடன் வாங்கியவரிடம் எல்லா வழியும் முயன்று பார்த்த பிறகு, கோர்ட்டின் அனுமதி பெற்று ஜாமீன்தாரரைத் தொடலாம். ஆகவே எதற்குக் கடன் என்று கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

எது போகும், எது நிற்கும்?

முப்லிஸ் ஆவது குற்றம் அல்ல. அதற்காக ஜெயிலில் போட மாட்டார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஜொகூர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய அடி. விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் ஏறிச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பாலம் அடைபட்டால் குடும்பத்தின் அடுப்பும் அணையும். அனுமதி கேட்டு மனுப் போடலாம். கிடைத்தே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. அனுமதி இல்லாமல் சொந்த வியாபாரமும் நடத்த முடியாது.

நிற்பவையும் உண்டு. தொழிற் கருவிகள், உடுதுணி, படுக்கை ஆகியவை மொத்தம் 5,000 வெள்ளி மதிப்பு வரை உங்களுடையவை. ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது. புருஷன் முப்லிஸ் ஆனதால் பெண்டாட்டி முப்லிஸ் ஆகமாட்டார், அவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய.

வெளியே வரும் வழி

ஆணை வந்ததும் இலாகாவில் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் எழுதி ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மலாயில் 'பெஞாத்தா ஹால் ஏவால்' என்பார்கள். மூன்று வருடத்தில் விடுதலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த மூன்று வருடக் கடிகாரம் ஆணை பிறந்த நாளில் ஓடத் தொடங்குவதில்லை. நீங்கள் இந்த வாக்குமூலத்தைக் கொடுத்த நாளில்தான் ஓடத் தொடங்குகிறது. கொடுக்காதவருக்குப் பத்து வருடம் ஆனாலும் கடிகாரம் நின்றபடியே இருக்கும். கொடுத்த பிறகும் கணக்கு ஒழுங்காகக் காட்டி, உங்கள் வருமானத்தையும் குடும்பச் செலவையும் பார்த்து இலாகா நிர்ணயிக்கும் தொகையைக் கட்டி வர வேண்டும்.

கடும் நோயாளிகள், பதிவு பெற்ற ஊனமுற்றோர் ஆகியோரின் விடுதலையைக் கடன்காரர் ஆட்சேபிக்க முடியாது. 2023 திருத்தத்தால், சம்பாதித்துக் கட்ட முடியாத 70 வயது கடந்தவர்களும் இதில் சேர்ந்தார்கள். வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால் இன்றே இலாகாவுக்கு அழைத்துப் போங்கள்.

ஆணை வரும் முன்பே போக வேண்டிய இடம் ஏ.கே.பி.கே. 2006-இல் பேங்க் நெகாரா ஏற்படுத்தியது. ஜொகூர் பாருவிலும் கிளை உண்டு. ஆலோசனை இலவசம். பேங்குகளோடு பேசித் தவணையைத் திருத்தித் தருவார்கள். ஆனால் முப்லிஸ் ஆன பிறகு அந்தத் திட்டத்தில் சேர முடியாது. பேங்குக் கடனை அடைக்க ஆ லோங்கிடம் மட்டும் போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் கொடுத்த கடன் கோர்ட்டில் செல்லாது. அதனால்தான் அவர் கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டு வாசலுக்கு வருகிறார்.

தோழர்களே, கடன்பட்டது வெட்கமல்ல. இன்று வேலை விட்டு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். கடிதம் ஏதும் இருந்தால் எடுத்து, படித்த பிள்ளையைக் கூப்பிட்டு, தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.