செம்பு நல்லது, ஈயம் பூசியிருந்தால்!

கோடம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பரண்மீது ஒரு செம்புத் தேக்சா பல்லாண்டுகளாகக் கவிழ்ந்து கிடந்தது. என் தாயார் தம் நிக்காஹ்வின்போது சீராகக் கொண்டுவந்த பாத்திரம் அது. அவர்கள் வஃபாத்தான பின் அதை எடுத்துப் புழங்குவார் இல்லை. எவர்சில்வரும் குக்கரும் நிறைந்துவிட்ட அடுக்களையில் செம்புக்கு என்ன வேலை?

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய நாள் அதன் நினைவு வந்தது. இறக்கி, புளி கொண்டு வெளிப்புறத்தைத் துலக்கினேன். பொன்போல் மின்னியது. பெருநாளன்று அதிலேயே தால்ச்சா காய்ச்சினோம். மிஞ்சியதை அதிலேயே மூடிவைத்துவிட்டு உறங்கினோம். மறுநாள் காலை அதைச் சுடவைத்து உண்ட சிறிது நேரத்திற்குள் பிள்ளைகள் மூவருக்கும் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதற்கேள்வி, “எதில் வைத்திருந்தீர்கள்?” என்பதுதான். அல்லாஹ்வின் அருளால் மாலைக்குள் பிள்ளைகள் தேறிவிட்டனர்.

பின்னர் அந்தத் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு ஈயம் பூசும் முதியவர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஹஜ்ரத், வெளியே நல்லாத்தான் மினுக்கியிருக்கீங்க. உள்ளே பார்க்கலியே! பூச்சு போய் எத்தனை வருஷமாச்சோ!”

பாடம் சொல்லிக் கொடுப்பவனுக்கே பாடமாக அமைந்த சொல் அது. செம்புப் பாத்திரங்கள் மீண்டும் நம் இல்லங்களுக்குள் வந்துகொண்டிருக்கும் இந்நாளில், நான் கற்றதைப் பகிர்ந்துகொள்வது கடமையெனக் கருதுகிறேன்.

செம்பின் சிறப்பு

செம்பு இழிவான உலோகமன்று. ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்கு உருகிய செம்பின் ஊற்று அருளப்பட்டதையும், அவர்களுக்காகப் பெரும் சமையற் கொப்பரைகள் செய்யப்பட்டதையும் திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயம் கூறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘ஸுஃப்ர்’ எனும் செம்பின வகை உலோகப் பாத்திரத்திலிருந்த நீரில் உளூச் செய்ததாக ஸஹீஹுல் புகாரியில் அறிவிப்பு உள்ளது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதுமே நமக்குத் தடுக்கப்பட்டுள்ளன.

சமையலுக்குச் செம்பு ஏன் உகந்தது? அது வெப்பத்தை விரைந்து கடத்தும். அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கும், எவர்சில்வரைவிட ஏறத்தாழ 25 மடங்கும் மிகுதியாகக் கடத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆகவே அடியில் ஓரிடம் தீய்ந்து, மற்றோரிடம் வேகாமல் நிற்கும் தொல்லை குறைகிறது. நம் வலிமா விருந்துகளில் பிரியாணியைத் ‘தம்’மில் போட, கனமான ஈயம் பூசிய செம்புத் தேக்சாவை முன்னோர் விரும்பியதன் காரணம் இதுவே.

புளிப்பும் களிம்பும்

எனில், குற்றம் எங்கே? செம்பும் புளிப்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான். புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், காடி ஆகிய எதுவாயினும் வெறும் செம்பில் பட்டால், செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து உணவில் கலக்கிறது. துலக்கும்போது புளி எந்த வேலையைச் செய்து செம்பைப் பளிச்சிடச் செய்கிறதோ, அதே வேலையைத்தான் தால்ச்சாவில் இருக்கும் புளியும் செய்கிறது! துலக்கிய அழுக்கைக் கழுவி ஊற்றிவிடுகிறோம், தால்ச்சாவை உண்டுவிடுகிறோம். வேறுபாடு அவ்வளவே. நேரம் கூடக்கூடக் கரைவதும் கூடும். ஈரம்பட்ட செம்பில் பச்சையாகப் படியும் களிம்பும் உணவில் சேரத் தகாதது.

நம் உடலுக்குச் செம்பு சிறிதளவு தேவைதான். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் போதும். அது அன்றாட உணவிலேயே கிடைத்துவிடுகிறது. மிகுந்தால் இரைப்பை உடனே வாந்தியாக எதிர்ப்புத் தெரிவிக்கும். பூச்சில்லாத செம்பும் பித்தளையும் புளிப்பான உணவைத் தொடலாகாது என்பது அமெரிக்க உணவு விதிகளிலும் எழுதப்பட்டுள்ளது.

பிஞ்சுகளின் ஈரல்

வாந்தியோடு போவது சிறு துன்பம். இதைவிடப் பெருந்துன்பம் ஒன்றும் நம் நாட்டில் நடந்தது. முன்பெல்லாம் ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகள் ஈரல் வீங்கிக் கெட்டியாகி, வயிறு பருத்து இறந்துபோயினர். ‘ஈரல் கட்டி’ என்று பெரியவர்கள் அஞ்சிய நோய் அது. சென்னையில் ஜம்மி நிறுவனத்தின் ஈரல் மருந்து வீடுதோறும் அறியப்பட்டிருந்ததற்கும் இந்த அச்சமே காரணம்.

அந்நோய் பற்றிப் புனே நகரக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1983ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாக, செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைச் சிறு வயதிலேயே புகட்டியதற்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று அது சுட்டிற்று. பால் செம்பைப் பற்றி இழுத்து வைத்துக்கொள்ளும். சேரும் செம்பை வெளியேற்றும் வலிமை பச்சிளங் குழந்தையின் ஈரலுக்கு இல்லை. அப்பாத்திரங்கள் பால் காய்ச்சுவதிலிருந்து விலகியதோடு அந்நோயும் அரிதாகிவிட்டது. பிறவியிலேயே வரும் உடற்கூறும் துணைக்காரணம் என்பார் உளர். எவ்வாறாயினும், ‘பாட்டி காலத்துப் பாத்திரம்’ என்ற பெருமைக்காகக் குழந்தையின் பாலை வெறும் செம்பிலோ பித்தளையிலோ காய்ச்சும் தவறு மீண்டும் நம் வீடுகளில் நுழையலாகாது.

ஈயம் என்பது எது?

இத்தீங்கைத் தடுக்கும் கவசமே உட்புற வெள்ளைப் பூச்சு. அதற்குக் ‘கலாய்’ என்றும் பெயர். அரபியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் ‘கல்யீ’ என்னும் சொல்லிலிருந்து வந்தது அது. அச்சொல்லோ மலாய்த் தீபகற்பத்திலிருந்த ‘கலாஹ்’ துறைமுகத்தின் பெயரால் அமைந்தது என்பர். அத்துறைமுகமே நாம் கடாரம் என்றழைத்த கெடா என்று கருதும் அறிஞரும் உண்டு. கடாரம் என்றால் தமிழில் பெரிய கொப்பரை என்றும் பொருளிருப்பது சுவையான பொருத்தம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் ‘ஈயம்’ என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு உலோகங்கள் உண்டு. ஒன்று வெள்ளீயம், உணவுக்குத் தீங்கற்றது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் இதனால் ஆனதே. மற்றொன்று காரீயம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் நஞ்சு. இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. காரீயம் விலை மலிவு. ஆகவே கலப்படத்திற்கு இடமுண்டு. பற்றவைக்கும் ஈயக்கம்பியில் இரண்டும் கலந்திருப்பது வழக்கம்; அது பாத்திரத்திற்கு ஆகவே ஆகாது.

அம்முதியவர் எனக்கொரு சோதனை காட்டினார். வெள்ளீயக் கட்டியின் மெல்லிய துண்டைக் காதருகே வைத்து வளைத்தார். நொறுநொறுவென ஒலி கேட்டது. “இது அழும் ஹஜ்ரத், காரீயம் ஊமை” என்றார். வெள்ளீயம் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். காரீயம் மங்கிய சாம்பல் நிறம். தாளில் தேய்த்தால் பென்சில்போல் கோடிடும். சிறு கலப்படத்தை இச்சோதனைகள் காட்டித்தாரா. எனவே நம்பிக்கையான கடையில் வெள்ளீயத்தை நாமே வாங்கிக் கொடுத்து, கண்ணெதிரே பூசச் சொல்வது நலம்.

பூசும் முறையும் பார்க்கத் தக்கது. முதலில் பாத்திரத்தின் உட்புறத்தைப் புளியும் மணலும் இட்டுத் தேய்த்துத் துலக்குவர். பிறகு துருத்தி ஊதிய கரியடுப்பில் அதைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவுவர். வெண்புகை எழும். உடனே வெள்ளீயத்தைத் தொட்டு இழுத்து, பஞ்சால் பரபரவென்று துடைப்பார்கள். கண் இமைப்பதற்குள் சிவந்த செம்பு நிலவுபோல் வெளுத்துவிடும்!

வாங்குவோரும் புழங்குவோரும் கவனிக்க

எங்கள் பகுதியினர் பாலத்தைக் கடந்து தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குத்தான் பாத்திரம் வாங்கப் போவது வழக்கம். (1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மானின் பெயர் தாங்கிய சாலை அது.) எங்கு வாங்கினாலும் இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்:

சமைக்கும் பாத்திரமாயின் உட்புறம் வெண்பூச்சு இருக்கவேண்டும். கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கவேண்டும். அடியில் மட்டும் செம்பு பூசிய எவர்சில்வர் பாத்திரத்தில் உணவு செம்பைத் தொடுவதில்லை. அதற்கு ஈயம் தேவையில்லை.

காந்தம் ஒட்டினால் அது செம்பன்று, செம்பு முலாம் பூசிய இரும்பு. முழுச் செம்புப் பாத்திரம் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது என்பதையும் அறிந்து வாங்குக.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆகவே வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடாதீர்கள். மர அகப்பையால் கிளறுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள்.

உள்ளே எங்கேனும் செந்நிறம் எட்டிப் பார்த்தால், அன்றே பூச்சுக்கு அனுப்புங்கள். நோன்புக் கஞ்சிக்கும் விருந்துக்கும் வாடகைத் தேக்சா எடுப்போர், உட்புறத்தைப் பாராமல் வாங்கலாகாது.

சமைத்ததை அதிலேயே இரா முழுதும் வைக்காமல் வேறு பாத்திரத்திற்கு மாற்றுங்கள்.

செம்புக் குடத்தில் குடிநீர் வைப்பதைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். 16 மணி நேரம் செம்பில் வைத்த நீரில் காலரா, டைபாய்டு போன்றவற்றின் கிருமிகள் அழிந்ததைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். கரைந்த செம்பும், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரம்புக்கு மிகவும் கீழேயே இருந்தது. வெறும் நீருக்கு அது சரி. எலுமிச்சைச் சாறும், மோரும், சர்பத்தும் அதில் வேண்டா. ஈரலில் செம்பு தங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செம்பைத் தொடாதிருப்பதே நன்று.

உணவு ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, ‘தய்யிப்’ ஆகவும், அதாவது தூயதாகவும் நலம் பயப்பதாகவும் இருக்கவேண்டும் என்பதே நமக்கு இடப்பட்ட கட்டளை. இறைச்சி அறுக்கப்பட்ட முறையைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், அது வெந்த பாத்திரத்தின் உட்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கக் கூடாதா?

என் தாயாரின் தேக்சா இப்போது பரணில் இல்லை. உள்ளே வெளுத்து, அடுக்களையில் அமர்ந்திருக்கிறது. வெளிப்புறம் சற்றுக் கறுத்துத்தான் போயிருக்கிறது; அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சமைக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் பழக்கத்தை என் இளைய மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.