பெயரும் எண்ணும்: நெட்டால் சென்ற முன்னோரைக் கண்டறியும் ஆவணநெறி

முன்னுரை

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர் ஆவர். அவருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமே. அவர்தம் வழித்தோன்றல்கள் மூதாதையரின் ஊரைக் கண்டறிய உதவும் ஆவணங்களையும் அவற்றை ஒப்பிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குடும்பச் சான்றுகள்

அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கித் தலைமுறை தலைமுறையாகப் பின்செல்வதே இத்தேடலின் அடிப்படை. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும் இறந்தோர் சொத்துக் கோப்புகளும் இதற்குத் துணைபுரிவன. இவற்றுள் முதற்கண் தேட வேண்டியது குடியேற்ற எண்ணாகும். நெட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் தனியெண் வழங்கப்பட்டது. முனுசாமி என்னும் பெயருடையோர் பலர் இருக்கலாம். ஓர் எண்ணுக்குரியவர் ஒருவரே.

கப்பற்பதிவேடு

எண் கிடைப்பின் கப்பற்பதிவேட்டில் உரியவரைக் காணலாம். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், அங்க அடையாளம் ஆகியவை அதில் இடம்பெறும். அடுத்தடுத்த எண்களை நோக்கின் உடன்சென்ற மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரும் புலப்படக்கூடும்.

எண் கிடைக்காதவிடத்துப் பெயரை மட்டும் நம்புதல் பிழைக்கு இடந்தரும். எழுத்தர்கள் தம் செவிக்கு எட்டியவாறு பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதினர். ல, ள, ழ வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் அதில் மறைந்தன. முதலியார் 'மூட்லி' ஆனதும் கவுண்டர் 'கொவெண்டர்' ஆனதும் இத்தகைய திரிபுகளே. மேலும், தந்தையின் இயற்பெயரே பின்னர்க் குடும்பப் பெயராக நிலைத்ததும் உண்டு. ஆதலின் தந்தை பெயர், வயது, வந்த ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்துவருதல் வேண்டும்.

ஊரை உறுதிப்படுத்தல்

பதிவேடு சுட்டும் மாவட்டத்தை அக்கால எல்லைப்படி கொள்ளவேண்டும். சான்றாக, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம் இன்றைய வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளோடு ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியையும் உள்ளடக்கியிருந்தது. ஒரே பெயருடைய ஊர்கள் பல இருப்பின், வட்டத்தின் பெயரும் குடும்பத்தார் நினைவில் நிற்கும் குலதெய்வத்தின் பெயரும் தெளிவு தரும்.

நிலவரித்திட்டப் பதிவேடுகள் ஊரின் இருப்பை உறுதிசெய்யும். எனினும் அவை பட்டாதாரர்களையே குறிப்பன. கப்பலேறியோரில் நிலமற்றோர் பலராதலின், அங்குப் பெயர் இல்லாமை அவர் அவ்வூரினர் அல்லர் என்பதற்குச் சான்றாகாது.

முடிவுரை

குடும்ப வழக்காறு திசை காட்டும்; எண் ஆளைக் காட்டும்; கப்பற்பதிவேடு ஊரைக் காட்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுகட்டின், பிறர் முன்னோரைத் தம் முன்னோராகக் கொள்ள நேரும். ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளேனும் ஒத்த பின்னரே உறவை உறுதியெனக் கொள்ளல் தகும். நிலவுரிமை ஆவணங்களில் இடம்பெறாத எளியோர் பலருக்குப் பெயரும் ஊரும் பொறித்த எழுத்துச்சான்றாக எஞ்சியிருப்பது அவர்களைக் கூலியாக எண்ணிட்ட அப்பதிவேடே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.