உனக்கே ஏன் மறுபடியும் நடக்கிறது?

"உங்க மாமா தொட்டப்ப சும்மாதானே இருந்தே?" நம்பிக்கையோடு சொன்ன பழைய ரகசியத்தைச் சண்டையில் எடுத்து வீசும் கணவர்கள் உண்டு. சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், வளர்ந்த பிறகும் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு அவர்கள் குணம் காரணமல்ல. கொடுமை செய்தவர் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்தவராகவே இருப்பார். பாசமும் மிரட்டலும் ஒரே ஆளிடமிருந்து வந்து பழகிய பிள்ளைக்கு, பின்னாளில் அடிவயிற்றைப் பிசையும் பயத்தைக்கூட நம்பத் தெரியாமல் போகிறது. ஆபத்து நெருங்கியதும் உடம்பு விறைத்துப்போகும், கத்த வாய் வராது. அன்றைக்கு வீட்டில் சொன்னபோது 'மானம் போயிடும்' என்று அடக்கியிருந்தால், இன்றைக்கு வாயே திறக்க மாட்டார்கள். சொல்ல ஆளில்லாதவரைத்தான் குற்றவாளி மோப்பம் பிடிக்கிறான். 'உனக்கே ஏன்?' என்று இவர்களைக் குடைவது அவனுக்குச் செய்கிற உதவி.

சட்டம் இந்தக் குடைச்சலை ஏற்பதில்லை. பாலியல் வன்முறை வழக்கில் சம்மதம் இருந்ததா என்று தீர்மானிக்க, பெண்ணின் நடத்தையோ முந்தைய பாலியல் அனுபவமோ பொருட்டல்ல. பழைய பாலியல் அனுபவத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லிச் செய்யும் இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் சொல்லிவிட்டது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'எங்க எல்லை இல்லை' என்று திருப்பியனுப்பக் கூடாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்.

கணவரின் அந்தக் குத்தல் பேச்சும் சும்மா விடக்கூடியதல்ல. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவமானப்படுத்துவதும் வன்முறைதான். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கோரலாம். மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கால வரம்பு கிடையாது என்பதால், சிறு வயதில் நடந்த கடுமையான கொடுமைக்கு இப்போதும் புகார் தரலாம். 2012 நவம்பர் 14-க்கு முன் நடந்ததென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தாது, பழைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும்.

பாதிக்கப்பட்ட ஆண்களின் நிலைதான் மோசம். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஆண்மீதான பாலியல் பலவந்தத்துக்கும் பயன்பட்ட பழைய 377-ஆம் பிரிவுக்கு ஈடாக எதுவுமில்லை. வளர்ந்த ஆணைப் பலவந்தப்படுத்தினால் அடிதடி, மிரட்டல் என்றுதான் வழக்குப் போட முடியும். இது சட்டத்தின் பெரிய ஓட்டை.

பெண்கள் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 181. மனநல ஆலோசனைக்கு, ஆண்களுக்கும் சேர்த்து, 14416. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வழக்கறிஞர் இலவசம்.