பால்மரத்தின் பூர்வீகம் தெரியுமா? பத்து வெள்ளி செய்த வேலை தெரியுமா?

மலேசியாவின் பேராக் மாநிலம் கோலகங்சாரில் வேலி போட்டுக் காக்கும் ஒரு கிழட்டுப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இருக்கிறது. அதன் பூர்வீகம் பிரேசில், தெரியுமா? 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றினார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூரில் வந்து இறங்கின. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. அந்த ஒன்பதில் மிஞ்சியது இந்த மரம்!

மரத்துக்குப் பின்னால் மனிதர்கள் வந்தார்கள். பிரேசிலின் கரும்பு, காப்பித் தோட்டங்களில் ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டு விற்றார்கள். தமிழர்களான நம்மவர்களைக் கடனைக் காட்டிக் கங்காணிகள் மலாயாவுக்குக் கப்பலேற்றினார்கள். இரண்டு கொடுமையும் ஒன்றல்ல. ஆனால் இரு சாராருக்கும் பாடுபட்ட மண்ணில் ஒரு பிடிகூடச் சொந்தமில்லை. 1888இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. நிலம் மட்டும் கிடைக்கவில்லை. தப்பியோடிய அடிமைகள் அமைத்த கிலோம்போ ஊர்களின் வாரிசுகளுக்கு அந்த நிலம் சொந்தம் என்று அரசியல் சட்டம் ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1988இல். சரியாக நூறு ஆண்டு!

இனி பேராக்குக்கு வருவோம். விடியுமுன் ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே மர நிரைக்குள் நுழைய வேண்டும். முந்தின நாள் கோட்டில் உறைந்த பாலை இழுத்தெடுத்து, உளியால் மெல்லிசாகப் பட்டை சீவி, மங்கைக் கவிழ்த்துத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரம். இப்படி நானூறு, ஐந்நூறு மரம். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. 1920களின் கடைசியில் பல தோட்டங்களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே நிரை, அதே உளி, அதே குளிர்! அந்தப் பத்துக் காசு இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது.

போதாததற்கு, ஊரிலிருந்து சாதியையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தோம். 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார் ஈப்போவிலும் சாதியை எதிர்த்துப் பேசிவிட்டுப் போனார். சீர்திருத்தச் சங்கங்கள் முளைத்தன.

இப்போது பத்து வெள்ளிக் கதை! 1950களில் வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்றார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து லயத்திலேயே முடி நரைத்தவர்கள் ஒரே நோட்டீசில் தெருவுக்கு வந்தார்கள். அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் அமைச்சராக இருந்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, லயம் லயமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டத்தையே வாங்குவோம் என்றார். அன்றாடங்காய்ச்சிகளுக்குப் பத்து வெள்ளி பெரிய காசு. கொடுத்தார்கள்! கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். பால்வெட்டுத் தொழிலாளி தோட்டத்துப் பங்குதாரர் ஆனார்! மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான காரியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முன்பே, தொழிற்சங்கம் கட்டியதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

சுதந்திரம் வந்த பிறகாவது? 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் திகைத்து நின்றார்கள். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான்!

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோதும் மறுபடி அதே கேள்வி: எங்களுக்கு வீடு எங்கே? சுங்கை சிப்புட்டில் அந்தக் கேள்வியோடு தோட்டத்து மக்களைத் திரட்டியவர் டாக்டர் ஜெயக்குமார். 1974 முதல் அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலுவை 2008இல் அவர் தோற்கடித்தது உலகுக்கே செய்தி. தோட்டத்து மக்களுக்கு அது பல வருட உழைப்பின் அறுவடை.

இன்னொன்று தெரியுமா? மலேசியாவிலேயே தமிழ்ப்பள்ளிகள் அதிகம் உள்ள மாநிலம் பேராக்தான். பல பள்ளிகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும். தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் எப்போதோ பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மணி இன்னும் அடிக்கிறது; பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஆண்டுக் கடைசியில் வீடு வீடாகப் போகிறார்கள்.