நம் கையில் என்ன இருக்கிறது?

அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் விமானம் 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பிறகு ஏழரை ஆண்டுகள் அவர் போர்க்கைதி. கால் உடைந்து, விலங்கும் சித்திரவதையுமாகக் கழிந்த அந்த நாட்களில் அவருக்குத் துணைநின்றது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் படிக்கக் கொடுத்திருந்த சிறு கைநூல். ஸ்டோயிக் எனப்படும் பண்டைய தத்துவ மரபைச் சேர்ந்த எபிக்டெட்டஸ் என்ற ஆசிரியரின் போதனைகளை அவருடைய மாணவர் அர்ரியன் தொகுத்த நூல் அது. எபிக்டெட்டஸ் ரோமில் அடிமையாக இருந்தவர்; அவரும் கால் ஊனமுற்றவர். பேரரசர் டொமிஷியன் தத்துவ ஆசிரியர்களை விரட்டியபோது கிரேக்கத்தின் நிக்கோபோலிஸுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். நம் எண்ணமும் முயற்சியும் நம் வசம், உடலும் சொத்தும் பதவியும் அப்படியல்ல என்பதே அவர் போதனையின் சாரம்.

இதைக் கேட்டதும் 'எல்லாம் விதி' என்று கைகட்டி உட்காரச் சொல்வதாகத் தோன்றலாம். ஸ்டாக்டேல் அப்படி உட்காரவில்லை. தன்னைப் பிரச்சாரப் படத்தில் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தலையைக் கீறிக்கொண்டார்; முக்காலியால் தன் முகத்தையே அடித்து வீங்கவைத்துக்கொண்டார். சுவரைத் தட்டிப் பேசும் சங்கேத மொழியில் சக கைதிகளை ஒருங்கிணைத்தார். சிறைக்கதவு தன் வசம் இல்லை என்று தீர்மானமாகத் தெரிந்ததால், கதவைப் பற்றிய ஏக்கத்தில் அவருடைய தெம்பு கரையவில்லை. ஒருவர் தாக்குப்பிடித்ததால் மட்டும் தத்துவம் நிரூபணமாகிவிடாதுதான். ஆனால் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று உலகெங்கும் தரப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸும் ஆரோன் பெக்கும் இந்த ஸ்டோயிக் மரபுக்குத் தாங்கள் பட்ட கடனை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

வாழ்க்கையில் பெரும்பாலானவை நம் வசம் உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் அல்லவா கிடக்கின்றன என்று கேட்டால், நியாயமான கேள்வி. நீட் தேர்வு எழுதும் பெண்ணின் ரேங்க் அவள் கையிலும் இருக்கிறது, மற்ற லட்சக்கணக்கானோர் கையிலும் இருக்கிறது. ஸ்டோயிக்குகள் இதற்கு வில்லாளியைக் காட்டினார்கள்: குறிபார்த்து நாணை விடுவது அவன் வேலை, அம்பு கிளம்பிய பின் வீசும் காற்று அவன் வேலை அல்ல. ரேங்கை இலக்காக வைக்கும் மாணவி தினமும் ஊர் முழுவதோடும் போட்டி போடுகிறாள். இன்று முடிக்கவேண்டிய பாடத்தை இலக்காக வைப்பவளுக்கு இரவில் தூக்கமாவது வரும்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஏற்றுக்கொள் என்பது எப்போதும் ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும்தானே சொல்லப்படுகிறது? உண்மைதான். எபிக்டெட்டஸே அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. அது அந்தத் தத்துவத்தின் குறை என்றே நான் நினைக்கிறேன். கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவிலுள்ள கோடு தெய்வம் கிழித்ததல்ல, அது நகரக்கூடியது. பெரியம்மையை மாரியம்மனின் சீற்றம் என்று நம்பிய ஊர்களில் தடுப்பூசி போட்டார்கள். 1980இல் அந்த நோயே உலகிலிருந்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தனி ஆளால் முடியாதது சங்கமாக, அரசாகச் சேர்ந்தால் முடியும். ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருக்குறள், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது.

பிறர் கையில் இருப்பதை நாம் பிடுங்குவதும் நடக்கிறது, பெரும்பாலும் அன்பின் பெயரால். உளவியலாளர்கள் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தளத்தினருக்குச் சின்னச் சின்ன முடிவுகளையும் ஒரு செடியை வளர்க்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தினருக்கு எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள். முதல் தளத்தினரே கூடுதல் உற்சாகத்துடன் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் வீட்டில் வயதான அப்பாவோ மாமியாரோ இருந்தால், இட்லியா தோசையா என்பதையும் எந்த டாக்டரிடம் போகலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.