அந்த ‘2’ சரியாக இரண்டுதானா?

மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் நிலைமின்னியலில் தொடங்குகிறது. கூலூம் விதியைக் கரும்பலகையில் எழுதுகிறோம். இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், இடைப்பட்ட தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும். தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகும். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். நாம் கணக்குகளுக்குப் போய்விடுகிறோம்.

ஒரு மாணவி எழுந்து, “அது ஏன் சரியாக இரண்டு? 2.01 என்று இருந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? “விதி அப்படித்தான்” என்று சொல்லி உட்காரவைப்பது எளிது. ஆனால் அவள் கேட்டது பெரிய அறிவியலாளர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி. அதற்குக் கிடைத்த விடைகளைத் தெரிந்துகொண்டால், விதி என்பது மனப்பாடம் செய்யவேண்டிய வரி அல்ல, சோதித்துச் சோதித்து உறுதிப்படுத்திய முடிவு என்பதை வகுப்பில் காட்ட முடியும்.

கூலூமின் மூன்று அளவீடுகள்

பிரான்சு நாட்டுப் பொறியாளர் கூலூம் 1785-இல் முறுக்குத் தராசைப் பயன்படுத்தினார். மெல்லிய கம்பியில் தொங்கும் கிடைக்கோலின் ஒரு முனையில் ஒரு நெட்டிப் பந்து இருக்கும். நிலையாகப் பொருத்தப்பட்ட இன்னொரு பந்து அதன் அருகே இருக்கும். இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் தந்ததும் அவை விலகி 36 பாகையில் நின்றன. மேலே உள்ள குமிழை 126 பாகை திருகியபோது இடைவெளி 18 பாகையானது. 567 பாகை திருகியபோது 8.5 பாகையானது.

கம்பியின் மொத்த முறுக்கே விசையின் அளவு. குமிழைத் திருகிய கோணத்தையும் பந்துகளின் இடைவெளிக் கோணத்தையும் கூட்டினால் மொத்த முறுக்கு கிடைக்கும். மூன்று நிலைகளிலும் அது முறையே 36, 144, 575.5. இடைவெளி பாதியானபோது விசை நான்கு மடங்கானது தெளிவாகத் தெரிகிறது.

இனி மாணவர்களையே கணக்கிடச் சொல்வோம். கோணத்தையே தொலைவுக்கு ஈடாகக் கொண்டு, மடக்கையைப் பயன்படுத்தி அடுக்கைக் கண்டால், முதல் இரண்டு அளவீடுகள் சரியாக 2 என்று தருகின்றன. கடைசி இரண்டும் ஏறத்தாழ 1.85 என்று தருகின்றன. மின்னூட்டம் காற்றில் கசியும். சிறு கோணத்தைப் படிப்பதில் பிழை வரும். ஆகவே இந்த அளவீடுகளை வைத்து ‘2’ என்று எழுதலாம், ‘2.000’ என்று எழுத முடியாது.

விசையை அளக்காமல் அடுக்கை அளத்தல்

இதைவிடத் துல்லியமான வழி ஒன்று கூலூமுக்கு முன்பே இருந்தது. மின்னூட்டப்பட்ட உலோகக் கலத்துக்குள் தொங்கவிட்ட தக்கைப் பந்து எந்தப் பக்கமும் இழுக்கப்படவில்லை என்பதை பெஞ்சமின் பிராங்க்ளின் கவனித்திருந்தார். மின்விசையும் ஈர்ப்பு விசையைப் போலத் தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்கவேண்டும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் இதிலிருந்து ஊகித்தார்.

காரணம் எளியது. சீராக மின்னூட்டப்பட்ட ஓர் உள்ளீடற்ற கோளத்துக்குள் ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஒத்த கூம்புகளை வரைவோம். அருகில் உள்ள சுவரில் சிறு திட்டு கிடைக்கும். தொலைவில் உள்ள சுவரில் பெரிய திட்டு கிடைக்கும். திட்டின் பரப்பு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. விசை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்வதால் உள்ளே விசை சுழியம். அடுக்கு 2-ஐவிடச் சிறிது கூடினால் அருகிலுள்ள திட்டு வெல்லும். குறைந்தால் தொலைவிலுள்ள திட்டு வெல்லும்.

ஹென்றி கேவண்டிஷ் 1773-இல் இதையே சோதனையாக்கினார். ஓர் உலோகக் கோளத்தை இரு அரைக்கோளங்களால் மூடி, உள்ளும் புறமும் இணைத்து மின்னூட்டினார். இணைப்பை நீக்கி, மூடியைத் திறந்து பார்த்தபோது உள்கோளத்தில் மின்னூட்டம் தென்படவில்லை. அவருடைய கருவியின் நுட்பத்தின்படி, அடுக்கு 2-இலிருந்து 50-இல் ஒரு பங்குக்கு மேல் விலக முடியாது. அவர் இதை வெளியிடவில்லை. அவரது குறிப்புகளைத் தொகுத்து 1879-இல் வெளியிட்ட மேக்ஸ்வெல், தம் மேற்பார்வையில் சோதனையை மீண்டும் செய்வித்து, விலகல் 21,600-இல் ஒரு பங்குக்கும் குறைவு என்று காட்டினார்.

ஒரு விசையைத் துல்லியமாக அளப்பதைவிட, ‘இருக்கிறதா, இல்லையா’ என்று பார்ப்பது எளிது. இந்தச் சோதனைகளின் வலிமை இதுதான்.

விதி மாறினால் எப்படி மாறும்?

20-ஆம் நூற்றாண்டில் கேள்வியே உருமாறியது. அடுக்கு 2.01 ஆக இருப்பதற்குத் தெளிவான இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. ஆனால் வேறொரு மாற்றத்துக்குக் காரணம் சொல்ல முடியும். மின்னூட்டங்களுக்கு இடையே விசையைக் கடத்துவது ஃபோட்டான் என்கிறது குவாண்டம் கொள்கை. ஃபோட்டானின் ஓய்வு நிறை சுழியம் என்று கொள்கிறோம். அதற்கு மிகச் சிறிய நிறை இருந்தால்? ருமேனியாவில் பிறந்த இயற்பியலாளர் அலெக்சாண்ட்ரு ப்ரோக்கா 1936-இல் எழுதிய சமன்பாடுகள் இதற்கு விடை தருகின்றன.

மார்கழி மூடுபனியில் எரியும் தெருவிளக்கை நினைத்துப் பார்க்கலாம். ஒளி பரந்து விரிவதால் இருமடி விதிப்படி குறைகிறது. பனி அதை மேலும் மங்கச் செய்கிறது. ஃபோட்டானுக்கு நிறை இருந்தால் மின்விசையும் இப்படி இருவகையில் குறையும். (இது உவமை மட்டுமே, மின்விசையை எதுவும் உறிஞ்சுவதில்லை.) நிறைக்கு ஏற்ப ஒரு ‘வீச்செல்லை’ இருக்கும், நிறை கூடக்கூட அந்த எல்லை சுருங்கும்.

கூலூம் விதி தரும் விசையுடன் ஒப்பிட்டால்:
• வீச்செல்லையில் பத்தில் ஒரு பங்குத் தொலைவில் 99.5 விழுக்காடு
• வீச்செல்லைக்குச் சமமான தொலைவில் ஏறத்தாழ 74 விழுக்காடு
• வீச்செல்லையைப் போல் பத்து மடங்கு தொலைவில் 0.05 விழுக்காடு

அருகில் வேறுபாடே தெரியாது. தொலைவில் விசை மறைந்துவிடும். இது வெறும் கற்பனை அல்ல. கதிரியக்க பீட்டாச் சிதைவுக்குக் காரணமான வலிமை குறைந்த விசையைக் கடத்தும் துகள்களுக்கு மிகுந்த நிறை உண்டு. ஆகவேதான் அவ்விசை அணுக்கருவின் அளவைக்கூட எட்டுவதில்லை. அந்தத் துகள்கள் 1983-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டன.

ஃபோட்டானுக்கு நிறை இருந்தால் காஸ் விதியும் சற்றுப் பிசகும். மூடிய உலோகக் கூட்டின் உள்ளே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு தோன்றும். அதாவது, கேவண்டிஷின் சோதனை ஃபோட்டானின் நிறையைத் தேடும் சோதனையும் ஆகிறது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் ஆகியோர் 1971-இல் இதைச் செய்தனர். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து இருபது முகக் கூடுகளை அமைத்து, வெளிக்கூடுகளுக்கு 10,000 வோல்ட் மாறுமின்னழுத்தம் தந்து, உள்ளே குறிப்பலை ஏதும் வருகிறதா என்று பார்த்தனர். வரவில்லை. அடுக்கில் விலகல் இருந்தால், அது தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து சுழியங்களுக்கு அப்பால்தான் இருக்க முடியும். வீச்செல்லை என்று ஒன்று இருந்தால் அது சுமார் 22,000 கிலோமீட்டருக்கு மேல், அதாவது பூமியின் விட்டத்தைவிட அதிகம். பயனியர் 10 விண்கலம் அளந்த வியாழனின் காந்தப்புலம் இந்த எல்லையை 4 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளியது.

மிக நெருங்கினால்?

தொலைவில் கூலூம் விதி உறுதியாக நிற்கிறது. மிக நெருக்கத்திலோ அது உண்மையிலேயே மாறுகிறது. குவாண்டம் கொள்கைப்படி வெற்றிடம் முற்றிலும் வெறுமையானது அல்ல. மின்னூட்டத்தைச் சுற்றி, கணநேரமே நிலைக்கும் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகள் அதைச் சற்று மறைக்கின்றன. நாம் வழக்கமாக அளப்பது இப்படி மறைக்கப்பட்ட மின்னூட்டத்தைத்தான். சுமார் 10⁻¹³ மீட்டருக்கும் அருகே போனால் மறைப்பு விலகத் தொடங்கும். விசை இருமடி விதி சொல்வதைவிடச் சிறிது கூடும். யூலிங் 1935-இல் இதைக் கணக்கிட்டார். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்களில் இதன் சிறு தடயம் தெரிகிறது. மின்விசையின் வலிமையைக் குறிக்கும் எண் வழக்கமாக 137-இல் ஒரு பங்கு. உயர் ஆற்றல் மோதல்களில் துகள்கள் மிக நெருங்கும்போது அது 128-இல் ஒரு பங்காக உயர்வதை அளந்திருக்கிறார்கள்.

அப்படியானால் கூலூம் விதி பொய்யா? இல்லை. அது எந்த எல்லைக்குள், எவ்வளவு துல்லியமாகச் சரி என்பது இப்போது நமக்குத் தெரியும். அவ்வளவுதான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்பு: ஒரு அட்டையில் 5 செ.மீ. சதுரத் துளை வெட்டுங்கள். அதைக் கைப்பேசி விளக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் பிடியுங்கள். விளக்கிலிருந்து 60 செ.மீ. தொலைவில் உள்ள சுவரில் 10 செ.மீ. சதுரம் விழும், 90 செ.மீ. தொலைவில் 15 செ.மீ. சதுரம் விழும். பரப்பு 4 மடங்கு, 9 மடங்கு ஆவதைக் குழந்தைகளே கட்டம் போட்டு எண்ணட்டும். ‘இருமடி’ எங்கிருந்து வருகிறது என்பது அங்கேயே புரிந்துவிடும்.

நடுநிலை வகுப்பு: ஆழமான எவர்சில்வர் டம்ளரைத் தெர்மாகோல் பலகைமேல் வையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்த பி.வி.சி. குழாயை அதன்மேல் பலமுறை உரசி மின்னூட்டுங்கள். அலுமினியத் தாள் சுற்றிய சிறு தெர்மாகோல் உருண்டையை நைலான் நூலில் கட்டி, வெளிப்புறம் கொண்டுசென்றால் அது இழுக்கப்படும். உருண்டையைக் கையால் தொட்டுவிட்டு, டம்ளரின் சுவரில் படாமல் உள்ளே ஆழமாக இறக்கினால் நேராகத் தொங்கும். ஈரக்காற்று உள்ள நாளில் இது சரிவராது. வெயில் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மேல்நிலை வகுப்பு: கூலூமின் மூன்று அளவீடுகளைத் தந்து அடுக்கைக் காணச் சொல்லுங்கள். 1.85 என்ற விடை வந்ததும் “நான் தப்பாகப் போட்டுவிட்டேன்” என்று மாணவர்கள் அழித்துவிட வேண்டாம். பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர்களையே பேசவிடுங்கள்.

எழுந்து நின்று கேட்ட மாணவிக்கு நாம் இப்படிச் சொல்லலாம்: “நல்ல கேள்வி அம்மா. 2.01 ஆக இருந்திருந்தால் மூடிய உலோகக் கூட்டுக்குள்ளும் மின்விசை இருந்திருக்கும். தேடிப் பார்த்தார்கள், இல்லை. எவ்வளவு நுட்பமாகத் தேடினார்களோ, அவ்வளவு உறுதியாக அது இரண்டு.”