கணக்கில் வாராத இலாபம்

பருவநிலை மாறுதலைத் தடுப்பது விஞ்ஞானிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் உரிய பணி என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். வாணிகத்தையும் நிர்வாகத்தையும் ஆராய்கின்றவர்களுக்கு அதில் என்ன இடம் உண்டு? பெங்களூரைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

தையற்கூடத்தின் புழுக்கத்தை நேயர்களுள் சிலர் அனுபவத்திலேயே அறிவர். வரிசை வரிசையாக இயந்திரங்கள் ஓடும். நுண்ணிய தையலுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். முன்னர் அவ்வெளிச்சத்தைத் தந்தவை ஃபுளோரசன்ட் விளக்குகள். அவை மின்சாரத்தை மிகுதியாக உண்டு, வெப்பத்தையும் உமிழ்ந்தன. பின்னர் அவற்றினிடத்தில் எல்.இ.டி. விளக்குகள் வந்தன. ஆனால் எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒரே நாளில் மாற்றம் நிகழவில்லை. ஆதலின், விளக்கு மாறிய இடத்தையும் மாறாத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகிய மூவரும், ஒவ்வொரு தையல் வரிசையின் அன்றாட உற்பத்திக் கணக்கை அந்தந்த நாளின் வெப்பநிலையோடு பொருத்தி ஆராய்ந்தனர். அவர்களுடைய கட்டுரை 2020-இல் வெளியாயிற்று. அவர்கள் கண்ட உண்மைகள் இரண்டு. வெயில் ஏறினால் உற்பத்தி குறைகின்றது என்பது ஒன்று. புதிய விளக்குகள் வந்தபின், வெப்பம் மிக்க நாட்களில் உற்பத்தி முன்னிலும் உயர்ந்தது என்பது மற்றொன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சராசரித் தொழிற்சாலை ஒன்றிற்கு மின்சாரச் செலவில் மிச்சமானது சுமார் 2,880 டாலர். உற்பத்தி உயர்வால் கிடைத்ததோ சுமார் 7,500 டாலர். இவ்விரண்டையும் சேர்த்தால், போட்ட முதல் திரும்பிவரும் காலம் மூன்றில் ஒரு பங்கினும் குறைவாகச் சுருங்குகின்றது. மின்கட்டணச் சீட்டை மட்டும் பார்க்கும் நிர்வாகி, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவார். முழுக்கணக்கைப் பார்ப்பவர் இன்றே மாற்றுவார். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதமும் வீணே எரியும் கரிதான்.

இவ்விஷயம் பெங்களூரோடு முடிவதன்று. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் இந்தியத் தொழிற்சாலைகளின் ஆண்டு உற்பத்தி ஏறக்குறைய 2 சதவிகிதம் குறைகின்றது என்று 2021-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி கூறுகின்றது. வெப்பத்தைத் தாங்கும் உடல்கள் தொழிலாளருடையவை என்பதை நாம் மறத்தலாகாது. உயர்ந்த உற்பத்தியின் பயன் அவர்தம் கூலியிலும் சேர்கின்றதா என்பது, இக்கணக்கிற்கு அப்பாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

விளக்கை மாற்றுவதனாலேயே பருவநிலை சீராகிவிடாது. எனினும், நல்ல மாற்றங்கள் பல பணமின்மையால் அன்றி, கணக்கின் குறைபாட்டால் தடைப்படுகின்றன என்பதை இவ்வாராய்ச்சி உணர்த்துகின்றது. சூரத்திலோ, மும்பையிலோ, தில்லியிலோ, தொழிற்கூடங்களில் பணிபுரியும் நம்மவர்கள் அன்றன்றைய வெப்பம், உற்பத்தி, மின்செலவு ஆகிய மூன்றையும் ஒரே ஏட்டில் குறித்துவருவார்களாக. சில திங்களில் அந்த ஏடே மேலாளரிடம் எடுத்துக்காட்டத்தக்க நல்ல சான்றாகும்.